ஓர் ரசிகர் மேலே போனார்

மலைக்கு அந்தப் பக்கம் போக முன்பெல்லாம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் கீழ்ச்சாலை. மற்றது மலைமேல் ஏறி இறங்கும் காட்சிச்சாலை. ஜனங்கள் கீழ்ச்சாலையிலேயே போய்வந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. மலைக்காட்சி ரசனை வாரியத்துக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய மலையை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஒருவரும் அண்ணாந்துகூடப் பார்க்காமல் போகிறார்களே என்று வாரியத் தலைவர் கூட்டத்தில் கண் கலங்கினார். மலையை நிறுத்தி வைத்தது வாரியம்தான் என்று அவர் மனதார நம்பினார். தலைவர் கண் கலங்கிய பிறகு சும்மா இருக்க முடியுமா? கீழ்ச்சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் காட்சிச்சாலையில்தான் போகவேண்டியிருந்தது. போனால் போதாது, ரசிக்கவும் வேண்டும். அதற்காக வாரியம் 'சுயவழிகாட்டி ஒலிப்பயணம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. காரின் முன்பக்கம் ஒரு பெட்டியை ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு காட்சிமுனையிலும் தடுப்புக்கம்பி இருக்கும். கார் நின்றதும் பெட்டி பேசும். அது பேசி முடிக்கும்வரை காரில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் உள்ளம் உருகி "ரசித்தோம்" என்று சொல்லவேண்டும். குரலில் எவ்வளவு உருக்கம் இருக்கிறது என்று பெட்டி எடைபோடும். போதுமென்றால் கம்பி தூக்கும்.

மெத்தைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. மெத்தைக் கடையில் விற்பனை பார்க்கும் மனிதருக்கு மலையில் என்ன வேலை? கவலைப்பட வேண்டிய நாள், மாமனார் காலையில் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது வந்தது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். "இதுக்கு இங்க ஒண்ணும் பண்ண முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இந்த ஊசி தாங்கற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள போயிட்டா பொழைச்சுக்குவார்" என்றார்.

மாமனார் அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தை எழுத்துப்பிழைகளின் தொகுப்பாகவே பார்த்துப் பழகியவர். மெத்தைக்காரர் இளைஞராக இருந்தபோது அவருடைய மகளுக்குக் கொடுத்த காதல் கடிதம், சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. அடியில், "ஒற்றுப்பிழை அதிகம். மற்றபடி பையன் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். அப்படித்தான் கல்யாணம் நிச்சயமானது. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிழை இல்லையென்றால் பேசாமல் இருப்பார். அதுதான் பாராட்டு.

மகள் மின்கட்டண அலுவலகக் கவுண்டரில் உட்காருபவள். "அடுத்தது", "சில்லறை இல்லை" என்ற இரண்டையும் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, மற்றதையும் அதே குரலில் சொல்லப் பழகிவிட்டாள். அம்மா இறந்தபோதுகூட அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. உறவுக்காரர்கள் அழுத்தக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடையில் மாதிரிக்கு வைத்திருந்த மெத்தை ஒன்றைப் பின்சீட்டில் விரித்து, மாமனாரைச் சாய்த்து உட்காரவைத்து, மகள் பக்கத்தில் ஏறிக்கொள்ள, மெத்தைக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

அடிவாரத்தில் வரவேற்பு அதிகாரி என்று சட்டையில் குத்திக்கொண்டிருந்த பெண்மணி கார் ஜன்னலில் குனிந்தார்.

"காட்சிச்சாலை உங்களை அன்போட வரவேற்குது. மூணு பேரும் மகிழ்ச்சியான முகத்தோட கேமராவைப் பாருங்க."

"மேடம், மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரொம்ப அவசரம்."

"எல்லாருமே அவசரம்னுதான் சார் வராங்க. அவசரப்படறவங்களுக்குத்தான் மலை ரொம்பத் தேவைன்னு எங்க தலைவர் சொல்வார்."

"ஆம்புலன்ஸெல்லாம் எப்படிப் போகுது?"

"அவங்களும் பெட்டி ஒட்டிக்கிட்டுத்தான் போனாங்க. ஆனா சைரன் அடிக்கறாங்க, அது குறுக்கீடு. ஒரு வண்டி முதல் முனையிலேயே பொழுது போற வரைக்கும் நின்னுச்சு. அதுக்கப்பறம் அவங்களாவே வரதில்ல. நாங்க யாரையும் வர வேண்டாம்னு சொல்றதில்ல."

"பெட்டி வேண்டாம் மேடம். சும்மா போயிடறோமே."

அதிகாரியின் முகம் இரக்கத்தால் இளகியது. "சார், இது சுயவழிகாட்டிப் பயணம். நீங்கதான் உங்களுக்கு வழிகாட்டி. உங்க சுதந்திரத்துல நாங்க தலையிடவே மாட்டோம். பெட்டி இல்லாம கம்பி தூக்காது, அவ்வளவுதான்."

பெட்டி ஒட்டப்பட்டது.

முதல் முனையில் கார் நின்றது. பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. பெட்டிக்கு ஏது தொண்டை என்று கேட்கக் கூடாது. கனைப்பையும் சேர்த்துத்தான் பதிந்திருந்தார்கள்.

"அன்பார்ந்த பயணியரே! இதோ, உங்கள் இடப்புறம் ஒரு அழகிய பள்ளத்தாக்கு..."

"ஓர்" என்றார் மாமனார்.

பெட்டி நின்றது. "குறுக்கீடு உணரப்பட்டது. இக்காட்சி மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிக்கும்."

"மாமா, பேசக் கூடாது மாமா."

"அழகியங்கறது உயிரெழுத்துல ஆரம்பிக்குது மாப்ள. ஓர் அழகியன்னுதான் வரணும். அரசாங்கத்துப் பெட்டிக்கே இது தெரியலைன்னா..."

"குறுக்கீடு உணரப்பட்டது."

பெட்டி மறுபடியும் கனைத்தது. மறுபடியும் ஒரு அழகிய பள்ளத்தாக்கு வந்தது. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை பூத்தது. ஆனால் பள்ளத்தாக்கை அடுத்து ஒரு இனிய தென்றல் வந்தது. அது போதாதென்று ஒரு ஆனந்தமும் வந்தது. ஒருவரால் எவ்வளவுதான் தாங்கமுடியும்? "ஓர்! ஓர்!" என்று அவர் வெடித்துவிட்டார்.

பின்னால் கார்கள் வரிசைகட்டின. ஒருவர் ஹாரன் அடித்தார். எல்லாக் கார்களிலும் பெட்டிகள் ஒரே குரலில், "குறுக்கீடு உணரப்பட்டது" என்றன. திரும்பிப் போகவும் முடியாது. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் அந்த அழகிய பள்ளத்தாக்கு.

பல தடவைக்குப் பிறகு பெட்டி ஒருவழியாகப் பேசி முடித்தது. மெத்தைக்காரர், "ரசித்தோம்!" என்றார். படுத்துப் பாருங்க சார், எழுந்திருக்கவே மனசு வராது என்று கடையில் தினமும் சொல்லும் அதே குரல். பெட்டி உடனே ஏற்றுக்கொண்டது. மகள், "ரசித்தோம்" என்றாள், சில்லறை இல்லை என்பதுபோல. "ரசனை போதவில்லை" என்றது பெட்டி. அவள் திரும்பத் திரும்பச் சொல்லி, இருமல் வந்து, இருமலோடு சேர்த்துச் சொன்னபோது போனால் போகிறது என்று விட்டது.

"அப்பா, நீங்களும் சொல்லிடுங்க."

"ரசிச்சாத்தானேம்மா சொல்றதுக்கு?"

மெத்தைக்காரர் பெட்டியிலிருந்த உதவிப் பொத்தானை அமுக்கினார். பெட்டியில் வரவேற்பு அதிகாரியின் குரல் வந்தது.

"மேடம், பெரியவர் உயிருக்குப் போராடறார். கம்பியைத் தூக்கச் சொல்லுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"சார், பதட்டப்படாதீங்க. எங்க சாலையில இதுவரைக்கும் ஒரு உயிரும் போனதில்ல. அப்படிப் போச்சுன்னா அதைப் பதிவு பண்ணவே எங்ககிட்ட வசதி கிடையாது. அதனால போகாது."

"அவர் வாயால ரசித்தோம்னு வரமாட்டேங்குது மேடம்."

"வற்புறுத்தாதீங்க. வற்புறுத்தி வர ரசனை எங்களுக்கு வேண்டாம். அன்பா எடுத்துச் சொல்லுங்க. காத்திருக்கோம். நாங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருப்போம் சார். எங்களுக்கு வயசானவங்கமேல தனி மரியாதை உண்டு."

மெத்தைக்காரர் பின்சீட்டுக்குத் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, உங்க பொண்ணுக்காக. ஒரே ஒரு தடவை."

மாமனார் மகளைப் பார்த்தார். அவள் முகம் கவுண்டரில் இருப்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் அவருடைய வேட்டி நுனியைச் சின்னப் பிள்ளைபோல முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய் சொன்னார். "ரசித்தோம்." வலியில் அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் பெட்டிக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. கம்பி தூக்கியது.

அடுத்தது அருவி முனை. "அருகாமையில் உள்ள அருவியைக் காண்பீராக!" என்றது பெட்டி. அருவியைக் காணோம். மேலே வாரியத்துக்கு விருந்தினர் மாளிகை கட்டியபோது தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். வெறும் பாறையும், பாறையில் பழைய ஈரத்தின் கறையும் இருந்தன. மாமனார் கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அது மெத்தைக்காரரின் யோசனை. ஆனாலும் கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது.

"என்னப்பா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். "அருகாமைன்னா பக்கத்துல இல்லாததுன்னு அர்த்தம்மா. அருகில்னு சொல்லணும்." கொஞ்சம் யோசித்து, மூச்சு வாங்கி, "ஆனா அருவிதான் இல்லையே. அப்ப சரிதான். இதுல பிழை இல்ல" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே பாராட்டு அது. பாராட்டும் குறுக்கீடுதான் என்று பெட்டி தெரிவித்தது.

அங்கிருந்து கிளம்பும்போது அவர் உதடு நீலம்பாரித்திருந்தது. ஊசியின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மலையுச்சி தெரிந்தது. அதற்கு முன்னால் இன்னும் ஒரே முனைதான் பாக்கி. அதற்கு மௌனப்பாறை என்று பெயர்.

"இங்க மட்டும் ஒரு தப்பும் ஆயிடக் கூடாது" என்றார் மெத்தைக்காரர். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, அவர் வாயை நீ கொஞ்சம் பொத்திக்கோ. மெதுவா. மூக்கை விட்டுடு. நல்லதுக்குத்தானே."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையை அவர் வாய்மேல் வைத்தாள்.

பெட்டி கனைத்தது. "அன்பார்ந்த பயணியரே! இது ஒரு அமைதியான இடம். இங்கே மலை பேசும், நாம் கேட்போம். நம் வாரியத் தலைவர் இந்தப் பாறையில்தான் ஒரு இரவு முழுவதும் அமர்ந்து மௌனத்தின் பெருமையைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார்..." உரை முழுவதையும் போட்டார்கள். தலைவர் மௌனத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். காரில் ஒரு சத்தமும் இல்லை. ஓர் உறுமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. மெத்தைக்காரருக்கு நம்பவே முடியவில்லை. மாமா திருந்திவிட்டார் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டார்.

"முழுமையான மௌனம்" என்றது பெட்டி. "பின்னிருக்கைப் பயணிக்கு வாரியத்தின் பாராட்டுகள்."

"ரசித்தோம்!" என்று மெத்தைக்காரர் கூவினார். "மாமா, ஆஸ்பத்திரி வந்தாச்சுன்னே வெச்சுக்குங்க. நீங்களும் சொல்லிடுங்க."

மகள் கையை எடுத்தாள். அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. கண்களும் திறந்திருந்தன, பள்ளத்தாக்கை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் "அப்பா" என்றாள். இன்னொரு முறை "அப்பா" என்றாள். அதன் பிறகு அம்மா செத்தபோது அழாததையும் சேர்த்து, கவுண்டரில் உட்கார்ந்த காலமெல்லாம் அடக்கி வைத்ததையும் சேர்த்து, மலையே திரும்பிச் சொல்லும்படி கதறினாள்.

பெட்டியில் மணியோசை கேட்டது. "உள்ளம் உருகிய ரசனை! உச்சநிலை மதிப்பெண்! இந்த வாகனத்துக்கு எல்லாத் தடுப்புகளும் திறக்கப்படுகின்றன." கம்பி தூக்கியது. மலையுச்சியில் இருந்த கம்பி தூக்கியது. அதற்கு அந்தப் பக்கம் இறக்கத்தில் இருந்த கம்பிகளெல்லாம் வரிசையாகத் தூக்கிக்கொண்டன.

மலையுச்சியில் ரசனை ஆய்வாளர் ஓடிவந்து காரை மறித்தார். கையில் வெள்ளிப் பதக்கம் இருந்தது. அவருக்கே கண் கலங்கியிருந்தது.

"யார் சார் அந்தக் குரல்? இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ரசனையை நான் கேட்டதே இல்ல! எல்லா முனையிலயும் இதைப் போடப்போறோம்."

"சார்..." மெத்தைக்காரர் பின்சீட்டைக் காட்டினார். "மாமா போயிட்டார் சார். மேல போயிட்டார்."

"மேலதானே சார் வந்திருக்கீங்க! எல்லாரும் மேல வரத்தானே ஆசைப்படறாங்க? பெரியவர் கொடுத்துவெச்சவர். எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கார் பாருங்க. கண்ணைக்கூடச் சிமிட்டல. நாங்க எதிர்பார்க்கற பயணி இவர்தான். பேசறதில்ல, இறங்கறதில்ல, குப்பை போடறதில்ல, குறை சொல்றதில்ல." அவர் ஜன்னல் வழியாகக் கைவிட்டு மாமனாரின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். உடம்பு அவர் விரலில் சில்லென்று பட்டிருக்கும். "குளிர் தாங்கலை போல. மலைக்காத்துன்னா சும்மாவா?" என்றார்.

மெத்தைக்காரர் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கவேண்டும். அவரோ பழக்கதோஷத்தில், "தேங்க்ஸ் சார்" என்றார். அதை நினைத்து அவர் பின்னால் பல நாள் வெட்கப்பட்டார்.

"ஏதாவது குறை இருந்தா தாராளமா சொல்லுங்க. உடனடி நடவடிக்கை எடுப்போம். அதுதான் எங்க வாரியம்."

"ஓர்" என்றாள் மகள்.

"என்னம்மா?"

அவள் அழுகை நின்றிருந்தது. கவுண்டர் குரல் திரும்பிவிட்டது. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு அமைதியான இல்ல. ஓர் அமைதியான. அப்பா கடைசியா அதைத்தான் சொன்னார். யாருக்கும் கேட்கல. என் கையிலதான் சொன்னார்."

ஆய்வாளர் அப்போதே போனை எடுத்தார். "ஹலோ, ஒலிப்பிரிவா? பொதுமக்கள்கிட்டேர்ந்து ஒரு புகார். ஒருங்கறது தப்பாம். ஓர்னு மாத்திடுங்க. எங்கெங்கயா? எங்க இருந்தாலும்தான்யா! ஒண்ணு விடாம மாத்துங்க. ஆமா, இன்னிக்கே."

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே எடுத்துக்கொள்ளவே இல்லை. வாசலிலேயே பார்த்துவிட்டு, எங்கே இறந்தார் என்று கேட்டார்கள். மலையில் என்றார் மெத்தைக்காரர். மலையில் யாரும் இறப்பதில்லையே என்று கொஞ்சநேரம் குழம்பினார்கள். பிறகு, சரி, வாசலில் இறந்ததாக எழுதிக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். பிணவண்டிக்காரர்கள் எவரும் காட்சிச்சாலைக்கு வரச் சம்மதிக்கவில்லை. அவர்களால் ரசிக்க முடியவில்லையாம். மறுநாள் காலையில் அதே காரில், அதே மெத்தையில், வெள்ளைத் துணி சுற்றி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பக்க அடிவாரத்தில் இருந்த இளைஞர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். "எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றார் மெத்தைக்காரர். "அப்பறம் மாமா."

"அப்ப மூணுன்னே போட்டுக்கறேன் சார். பதக்கம் வாங்கினவராச்சே, அவரை விட முடியுமா? அவர் ரசித்தோம்னு சொல்ல வேண்டாம். அவர் ரசனை ஏற்கெனவே நிரூபிச்சாச்சு."

இறங்குவழியில் வந்த முதல் முனை மௌனப்பாறை. கார் நின்றது. அங்கே புதிதாக ஒரு நாற்காலி போட்டு, அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பெட்டி கனைத்தது. முதலில் ஒரு கதறல் கேட்டது. அவளுடைய கதறல்தான். கேட்டதும் அவள் வெள்ளைத் துணியின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் குரல் தேனொழுகப் பேசியது.

"அன்பார்ந்த பயணியரே! இங்கேதான் ஓர் ரசிகர், ஓர் மலையின் மடியில், ஓர் வார்த்தையும் பேசாமல், மனநிறைவோடு மேலே போனார்..."

"ஒரு" என்றாள் மகள்.

"குறுக்கீடு உணரப்பட்டது. இக்காட்சி மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிக்கும்."

கதறல் கேட்டது. ஓர் ரசிகர் வந்தார்.

"ஒரு ரசிகர். ஒரு மலை. ஒரு வார்த்தை" என்றாள். "அந்த ஒரு வார்த்தையும் பேசினார்."

"குறுக்கீடு உணரப்பட்டது."

"விட்டுடும்மா" என்று கெஞ்சினார் மெத்தைக்காரர். "வாயை மூடிக்கிட்டு இருந்தா பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்." பேசிக்கொண்டே அவருடைய கை பின்பக்கம் நீண்டு அவள் வாயை நோக்கிப் போனது. அவள் நகரவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். கை பாதியிலேயே நின்றது. மெத்தைக்காரர் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாருடைய கையோபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் கார்கள் சேர்ந்தன. ஹாரன்கள் அலறின. மலை முழுவதும் பெட்டிகள் குறுக்கீட்டை உணர்ந்துகொண்டே இருந்தன. உதவிப் பொத்தானை யாரும் அமுக்காமலே வரவேற்பு அதிகாரியின் குரல் வந்தது. "சார், உங்க வண்டியாலதான் எல்லாரும் நிக்கறாங்க. பின்சீட்டுப் பெரியவரைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?"

மெத்தைக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பெட்டி மறுபடியும் கனைத்தது, கதறல் கேட்டு ஓய்ந்தது. குரல், "இங்கேதான் ஓர்..." என்று தொடங்கியதும், மனைவி வாய் திறப்பதற்கு முன்னால் அவரே, "ஒரு" என்றார்.

பின்சீட்டில் மாமனார் எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.